கேப்டனின் கடைசி உத்தரவு

குத்தம்பாக்கம் கூட்டுரோட்டில் கேப்டன் வீரராகவனின் சிலையைத் திறந்த அன்று, அவருடைய தாயார் தாட்சாயிணியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் வேம்புலி. கார்கில் போரில் அந்தக் கேப்டனின் கீழ் சண்டையிட்டவர். அதே ஊர்க் காலனிக்காரர். பட்டாளத்திலிருந்து திரும்பி அம்பத்தூரில் வேலைக்குப் போன பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் அவளைப் போய்ப் பார்ப்பார். அவள் தெருவில் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு இலை போட்டவள் அவள் ஒருத்திதான். மகன் எப்படிச் செத்தான் என்று அவள் கேட்டதே இல்லை.

தலைமை தாங்கிய பரந்தாமன் மைக்கில் முழங்கினார். கேப்டன் முதல் ஆளாகப் பாய்ந்தாராம், நெற்றியில் ஒரே குண்டாம், அந்தக் கணமே வீரமரணமாம். வேம்புலிக்குப் பொறுக்கவில்லை. அப்படியென்றால் அன்று பகல் முழுக்க எங்களைக் காப்பாற்றியது யார்? பேச அழைத்ததும் எழுந்து போய் உள்ளதைச் சொன்னார்.

குண்டு பட்டது வயிற்றில், விடிந்த கொஞ்ச நேரத்தில். ஒதுங்க ஒரு பாறைகூட இல்லாத சரிவில் கேப்டன் விழுந்து கிடந்தார். தூக்கிவரப் போன செல்வகுமார் பாதி வழியிலேயே சுடப்பட்டுச் செத்தான். இனி எவனும் வரக்கூடாது, இது உத்தரவு என்று கேப்டன் கத்தினார். எதிரி எந்த இடுக்கிலிருந்து சுடுகிறான் என்று கிடந்தபடியே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலை வைத்துத்தான் மற்றவர்கள் மேலே ஏறினார்கள். வெயில் சாயும்போது உச்சியைப் பிடித்தார்கள். குரல் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

கூட்டம் கைதட்டியது. கேப்டனுக்கு உரிய மரியாதையைச் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வேம்புலி வந்து உட்கார்ந்தார்.

தாட்சாயிணியின் கைகள் மடியிலேயே கிடந்தன. வலி தெரியாமல் போய்விட்டான் என்றுதான் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் தூங்கினாள்.

"தண்ணி கேட்டானா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வேம்புலி வாயெடுத்தார். வரவில்லை. "கேட்டாரும்மா."

"யாரும் போவலயா?"

"வரக்கூடாதுன்ட்டாரும்மா. போனா சாவுதான்."

"புள்ள வாணாம்னா உட்டுடுவீங்களா, வேம்புலி?"

மாலை போட அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பரந்தாமனே மாலையைப் போட்டார்.

அடுத்து வந்த பொங்கலுக்கும் வேம்புலி போனார். தாட்சாயிணியின் இளைய மருமகள் கிருஷ்ணப்பிரியா கதவைப் பாதி திறந்தாள். அத்தை தூங்குவதே இல்லையாம். தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாளாம். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி வழியாகத்தான் ஏற்றிக் கூட்டிவருகிறார்களாம்.

"நீங்க வர வாணாம்ணா. உங்களப் பாத்தா இன்னும் ஜாஸ்தியாயிடும்."

கதவைச் சாத்திவிட்டாள். வேம்புலி வெகுநேரம் அங்கேயே நின்றார். உள்ளிருந்து யாரும் கூப்பிடவில்லை.