இன்னும் யார் பார்க்கிறீர்கள்?

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் லா சப்பல் மண்டபத்தின் திரைகளில் படம் சில நிமிடம் ஓடும், பிறகு உறைந்துவிடும். தொலைக்காட்சியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும், மறுபடி உறையும். திருத்த வந்த கஜனிக்குக் காரணம் பிடிபடவில்லை.

மன்னாரில் மேரிறோஸின் அடக்கம் நேரலையில் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் தங்கும் விசா இன்னும் கிடைக்காததால் ஊருக்குப் போக முடியாத மகன் அலெக்சிஸ் மண்டபத்தின் முன்வரிசையில் இருந்தார்.

"பெட்டியை மூடிட்டினமே, பிள்ளை?" அவர் கஜனியைக் கேட்டார்.

"தெரியேல்லை அண்ணை, பொறுங்கோ."

மண்டப முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா சிரித்தார். "தாய் உயிரோட இருக்கேக்கை போன் எடுக்காதவர், இப்ப முகம் பாக்க அவசரப்படுறார்."

அலெக்சிஸ் தலை குனிந்தார்.

"இஞ்சை இருந்த பழைய ரவுட்டர் எங்கை?" கஜனி முதலாளியைக் கேட்டாள்.

"சத்தம் போடுது எண்டு நேற்றுக் கழட்டி, புதுசு போட்டன்."

அவளுக்கு விளங்கியது. ஒரே படத்தைப் பல திரைகளுக்கு அனுப்பும் மல்டிகாஸ்டில், 'இன்னும் யார் பார்க்கிறீர்கள்?' என்று ஏதாவதொரு கருவி அடிக்கடி கேட்க வேண்டும். பழைய ரவுட்டர் கேட்டது, புதியது கேட்கவில்லை. கேள்வி இல்லாததால் திரைகள் பதில் சொல்லவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை என்று எண்ணி, திரைகளுக்குப் படத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் கருவி அதை நிறுத்தியது.

அவள் சரிசெய்து முடித்தபோது, திரையில் குழியை மண்ணால் மூடியிருந்தார்கள். அலெக்சிஸ் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் பிறகு உறையவேயில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையை அவள் சுவிட்சுக்கே கொடுத்திருந்தாள்.