சம்பந்திகள் வாங்காத ரயில்

ஹென்ரீகேவுக்கு ஆறு வயது முடிந்த அந்தக் குளிர்காலத்தில், கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கித் தருவதென்று இல்காவும் ஃபோல்கரும் பேசி முடிவு செய்தார்கள். அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு சனிக்கிழமையோடு வேலை முடிந்திருக்கும். ஃபோல்கர் தன் அப்பாவிடம் சொன்னான். அதே வாரம் இல்கா தன் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னாள்.

கைஸ்லிங்கனில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு நேரே மலை ஏறும் ரயில் பாதை. பாரமான சரக்கு ரயில்கள் அந்த ஏற்றத்தில் தாமாக ஏறாது. பின்னால் இன்னொரு எஞ்சின் வந்து முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டும். சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டே ஹென்ரீகே அந்தப் பின் எஞ்சினுக்காகக் காத்திருப்பாள். ரயில் வாங்கும் யோசனை அப்படித்தான் வந்தது. வீடு சிறியது. கரண்டித் தொழிற்சாலையில் ஃபோல்கருக்குக் கிடைத்த சம்பளமும் பெரியதல்ல. பெட்டியில் எல்லாம் சேர்ந்து வரும், மலிவான, ஆனால் ஒரே மாதத்தில் குப்பைக்குப் போகாத ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்தார்கள்.

ஃபோல்கரின் அப்பா ஓஸ்வால்ட் பக்கத்து ஊர்க்காரர். கருவிப் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வைத்திருந்த பொம்மை ரயில்கள் கெட்டி உலோகம். அவற்றுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் நடுவே வரிசையாகப் பதித்த சிறு ஆணித்தலைகள் வழியாக வரும். இல்காவின் அப்பா சீக்மார், பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம், பழைய கிழக்கு ஜெர்மனியில் இருந்த ஸ்விகாவ் நகரத்தவர். நாடு ஒன்றானதும் ரயில்வேயில் ஆட்களைக் குறைத்தபோது வேலை போனவர்களில் அவரும் ஒருவர். அவர் வைத்திருந்தது அளவில் சிறிய, கிழக்கு பெர்லினில் செய்த, இரண்டு தண்டவாளத்தில் மட்டும் மின்சாரம் ஓடும் வகை. ஒருவருடைய எஞ்சினை மற்றவருடைய தண்டவாளத்தில் வைக்கவே முடியாது.

சம்பந்திகளான பின் ஏழெட்டு வருடங்களில் அவர்கள் ஒரு முறை கூடச் சண்டை போட்டதில்லை. ‘நீங்க’ என்பதைத் தாண்டிப் பழகியதும் இல்லை. ஓஸ்வால்ட் ஸ்விகாவுக்குப் போனதேயில்லை. உருளைக்கிழங்கு சாலடில் மயோனைஸ் போடுவதா, இறைச்சிச் சாறு ஊற்றுவதா என்று கல்யாணத்தன்று எழுந்த பேச்சுக்குப் பிறகு, இல்கா எல்லாப் பண்டிகைக்கும் இரண்டு கிண்ணம் செய்துவிடுவாள்.

டிசம்பரில் சீக்மார் சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே வந்து இறங்கினார். சனிக்கிழமை குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, ஓஸ்வால்டையும் சேர்த்து நான்கு பேரும் ரயிலேறி உல்ம் நகரத்துப் பொம்மைக் கடைக்குப் போனார்கள்.

கடைக்கார அம்மாள் பெயர் நூடிங். பண்டிகைக் கூட்டத்தில் களைத்திருந்தாள்.

“மேசை எவ்வளவு பெருசு?” என்று கேட்டாள்.

“மேசை இல்லீங்க. தரைதான்,” என்றான் ஃபோல்கர்.

“கம்பளம் விரிச்ச தரையா?”

“ஆமா.”

“அப்ப அடிப்பாகத்தோட சேர்ந்து வர்ற தண்டவாளமாப் பாருங்க. வெறும் தண்டவாளம் வாங்கினா கம்பள நூல் சக்கரத்துல சுத்திக்கும். வட்டமா ஓடுற அளவு இருந்தாப் போதும். கிளைப்பாதையெல்லாம் பொறந்தநாளுக்கு வாங்கிக்கலாம்.”

அதற்குள் ஓஸ்வால்ட் கண்ணாடி அலமாரிக்கு முன் போய் நின்றுகொண்டார்.

“இதைப் பாருங்க சம்பந்தி. அத்தனையும் உலோகம். கீழ விழுந்தா தரைக்குத்தான் அடிபடும்.”

“விலையைப் பார்த்தா நமக்கும் அடிபடும் போலிருக்கே,” என்றார் சீக்மார். “அந்தக் காசுக்கு எங்க ஊர்ச் சின்ன ரயில்ல ரெண்டு வாங்கலாம். கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சுக்கலாம்.”

“உங்க பக்கம் எல்லாத்தையும் பிளாஸ்டிக்லதானே பண்ணாங்க. காரைக்கூட.”

“அந்தக் கார்லதான் உங்க மருமக படிக்கப் போய்ட்டு வந்தா. ஒரு நாளும் வழியில நின்னதில்ல.”

இல்கா சிரித்துவிட்டாள். ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை.

“அது கிடக்கட்டும்,” என்றார் சீக்மார். “நடுவுல ஆணி அடிச்ச தண்டவாளத்தை எந்த ஊர்ல பார்த்தீங்க? நான் வருஷக்கணக்கா தண்டவாளத்து மேலயே நடந்தவன்.”

“வேலை போயும் அந்தப் பேச்சு மட்டும் போகல.”

சீக்மார் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கடை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். இல்கா அவர் பின்னால் போனாள். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

ஃபோல்கர் பொதுவாக அப்பாவை எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல. அன்று பேசினான்.

“அப்பா, நம்ம வீட்டு ரயிலை நான் எத்தனை தடவை ஓட்டியிருக்கேன்?”

“ஏன், வருஷா வருஷம் ஓடுமே.”

“ஓடும். ஓட்டுறது நீங்க. நான் கையைப் பின்னால கட்டிட்டு நிப்பேன். ஜனவரியில மூணு ராஜாக்கள் பண்டிகை முடிஞ்சதும் எல்லாம் பரணுக்குப் போயிடும்.”

“சின்னப் பிள்ளை கையில குடுத்தா கெடுத்திடும்னுதான்…”

“எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சுப்பா. இன்னும் அந்த வேகத் திருகைத் தொட்டதில்ல.”

ஓஸ்வால்ட் கையுறைகளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஃபோல்கர் கடைக்கார அம்மாளிடம் திரும்பினான்.

“உடைஞ்சா யாரும் அழாத மாதிரி ஒண்ணு குடுங்க.”

அவள் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். இரண்டு தாத்தாக்களின் ரயில்களைச் செய்த கம்பெனிகளும் அல்லாத, மூன்றாவது கம்பெனியுடையது. சிவப்பு டீசல் எஞ்சின், மூன்று சரக்குப் பெட்டிகள், ஒரு வட்டத்துக்கான தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறிய பெட்டி.

“மோட்டார் நல்லது. பெட்டிகளை மாட்டுற கொக்கி சுமார்தான், பொய் சொல்லமாட்டேன். உதிரி பாகம் கிடைக்கும். பிள்ளைக்குப் பிடிச்சா இதே தண்டவாளத்துல மேல மேல சேர்த்துக்கலாம். பிடிக்கலைன்னா பெருசா ஒண்ணும் போயிடாது.”

ஃபோல்கர் வாங்கிவிட்டான்.

திரும்பும் ரயிலில் பெட்டி ஓஸ்வால்டின் மடியில் இருந்தது. எதிரே சீக்மார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் ஓஸ்வால்ட் மூடியை லேசாகத் தூக்கி ஒரு சரக்குப் பெட்டியை வெளியே எடுத்தார்.

“சம்பந்தி, இந்தக் கொக்கியைக் கொஞ்சம் பாருங்க.”

சீக்மார் உடனே திரும்பவில்லை. பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

“இதுவா கொக்கி? இதுல சட்டையைக்கூட மாட்ட முடியாது.”

“நான் கடையில சொன்னது…”

“விடுங்க. அச்சைப் பாருங்க, ஆடுது.”

அதற்கப்புறம் வீடு வரைக்கும் இருவரும் அந்தப் பெட்டியைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்கள். ஃபோல்கர் காது கேட்காதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

கடையில் நடந்த பேச்சை இல்கா அப்படியே விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, சாஸேஜ் வெந்துகொண்டிருந்தபோது, தட்டு எடுக்க வந்த ஓஸ்வால்டிடம் சொன்னாள்.

“மாமா, எங்கப்பாவோட வேலையைப் பத்தி இனிமே பேசாதீங்க.”

“பேசமாட்டேம்மா,” என்றார் அவர். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

பரிசுகளைப் பிரித்ததும் இரண்டு தாத்தாக்களும் தரையில் படுத்துவிட்டார்கள். சீக்மார் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றி, கோணலாக ஓடியதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஓஸ்வால்ட் சட்டைப்பையிலிருந்து சிறிய அரம் எடுத்துத் தேய்த்தார். அதை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

“தாத்தா, எனக்கு எப்ப?” என்று ஹென்ரீகே கேட்டாள்.

“இரும்மா, இந்த ஒரு சக்கரம்.”

இன்னும் இரண்டு முறை கேட்டாள். ஃபோல்கர் வந்து, “எழுந்திரிங்க ரெண்டு பேரும்,” என்றான். எழுந்தார்கள்.

அவள் முதலில் எஞ்சினைக் கழற்றிக் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். பிறகு திருகை முடிந்த மட்டும் திருப்பினாள். சரக்குப் பெட்டிகள் வளைவில் எகிறி நாற்காலிக் காலில் மோதின. ஒன்றின் முனை உடைந்தது. தாத்தாக்கள் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஃபோல்கர் அவர்களைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டார்கள்.

“இன்னொரு தடவை,” என்றாள் ஹென்ரீகே.

ஈஸ்டருக்குள் அவள் நீச்சலுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ரயில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். அவளும் ஃபோல்கரும் மாறி மாறி ஓட்டுவார்கள். தன் முறை வரும்போது ஃபோல்கர் மெதுவாகத்தான் ஓட்டுவான். அவளுக்கு அது சலிப்பாக இருக்கும். அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு கிளைப்பாதை வாங்கினார்கள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

தாத்தாக்கள் அந்தக் கொக்கியைப் பற்றித் தொலைபேசியில் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. எந்த வாரம் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது என்று இல்காவுக்குத் தெரியவில்லை. “உனக்குக் கண்ணு தெரியலைன்னா கண்ணாடியை மாத்துய்யா,” என்று தன் அப்பா ஃபோனில் கத்தியதை, ஸ்விகாவுக்குப் போயிருந்த ஒரு விடுமுறையில் கேட்டாள். மறுமுனையில் யாரென்று கேட்டபோது, “உன் மாமனார்தான்,” என்றார்.

மே மாதம் ஓஸ்வால்ட் தன் கடைசல் இயந்திரத்தில் செய்த கொக்கிகளைச் சீக்மாரிடம் காட்டத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்விகாவுக்குப் போனார். இரண்டு நாள் என்று சொல்லிப் போனவர் ஒரு வாரம் கழித்துத் திரும்பினார். நிலையத்தில் இல்கா அவர் பையை வாங்கிக்கொண்டாள்.

“ஊர் எப்படி மாமா இருந்துச்சு?”

“ரொட்டி நல்லா இருக்கு,” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “செப்டம்பர்ல ஒரு தடவை போகணும்,” என்றார்.