ரெண்டு படத்துக்கும் என்ன முறை?

துக்கத்துக்குக் கைகொடுக்க வந்த ஏழாவது ஆளிடமும் நல்லகாமன் அதையேதான் கேட்டார்.

“‘கடல்நாட்டுக் காவலன்’ பாத்திருக்கீகளா?”

வந்தவர் டிரைவர் ஆண்டிச்சாமி. பதினோரு வருஷமாக ஒரே டவுன் பஸ்ஸில் இவர் ஓட்ட, நல்லகாமன் டிக்கெட் கிழிக்கிறார். வழியெல்லாம் ஆறுதல் வார்த்தை தயார் செய்துகொண்டு வந்த முகம் அப்படியே கலைந்தது.

“பாத்தேண்ணே. அந்தக் காலத்துல.”

“அதுல வர்ற ஒருத்தன் ‘தபால்காரர் தங்கை’யிலயும் வர்றானாம். யாரு?”

“ஹீரோவா?”

“ஹீரோன்னு சொன்னா ஒச்சாயி ஒத்துக்கிருவாளாக்கும்?”

உள்ளே கிடத்தியிருந்த மனைவி ஒச்சாயி ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். எந்த ஊர், யார் மகன் என்று நாலு கேள்வி கேட்டு மற்றவர்கள் மனுஷருக்கு முறை கண்டுபிடிப்பார்கள். ஒச்சாயி சினிமாப் படங்களுக்குக் கண்டுபிடித்தாள். ஒரே நடிகன் இரண்டிலும் இருந்தால் அவை பங்காளிப் படங்கள். நடுவில் மூன்றாவது படம் ஒன்று வேண்டியிருந்தால் சம்பந்தி. கதாநாயகனும் நாயகியும் கணக்கில் சேர்த்தி இல்லை. “அவுக எல்லாப் படத்துலயும்தான் வாராக. அதுல என்ன கெட்டிக்காரத்தனம்?” கோர்ட்டு டவாலி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே உதட்டைப் பிதுக்கும் டாக்டர், பந்தியில் மூன்றாவது இலை, இப்படிப்பட்ட ஆட்கள்தான் செல்லும். அவர்கள் பெயரை எந்தப் படத்திலும் போடுவதில்லை. அதனால் ஒச்சாயியே வைத்தாள். சப்பைமூக்கு, ஒத்தைக்கடுக்கன், தூங்குமூஞ்சிப் போலீஸ்.

ஒருமுறை ஹாலாஸ்யம் வாத்தியார் வேண்டுமென்றே இருபது வருஷ இடைவெளியில் இரண்டு படங்களைச் சொன்னார். ஒன்று புராணம், ஒன்று துப்பறியும் படம். ஒச்சாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “நாரதருக்குக் கொடை பிடிக்கிறவன், பண்ணையாரு படத்துல கணக்கப்பிள்ளை. அந்தக் கணக்கப்பிள்ளைக்கு மகளா வந்தவதான் உங்க துப்பறியும் படத்துல நர்சு. சம்பந்திதான் சார்.” ஐந்தாம் வகுப்பு தாண்டாதவளுக்கு வாத்தியார் எழுந்து நின்று கும்பிடு போட்டார்.

நல்லகாமனுக்கு ரூட்டில் உள்ள முப்பத்தாறு ஸ்டாப்பும் தலைகீழாகத் தெரியும். சினிமாவில் கதாநாயகியையும் அவள் தங்கச்சியையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. இடைவேளைக்கு முறுக்கு வாங்குவதும், அதற்குப் பிறகு தூங்குவதும்தான் அவருடைய பங்கு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் அவளிடம் ஜெயித்ததில்லை.

இன்று காலையில் டீயை நீட்டும்போது இந்த இரண்டு படத்தையும் சொன்னாள். “பங்காளிதான். ரெண்டும் என்கூட வந்து பாத்த படந்தான். சொல்லுங்க பாப்பம்.”

“மத்தியானம் சோத்துக்கு வரும்போது சொல்றேன் போ.”

நினைப்பு அதிலேயே இருந்ததால் ஆரப்பாளையம் இறங்க வேண்டிய ஒரு அம்மாளுக்கு அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் டிக்கெட் கொடுத்து வசவு வாங்கினார். இரண்டாவது நடை முடிந்து வந்தபோது, குழாயடியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை என்று ஸ்டாண்டில் ஆள் வந்து நின்றது.

மூன்று மணிக்கு எழுமலையிலிருந்து சோணை, அக்காவுக்குக் கோடிச்சேலையோடு வந்தான். வாசலில் ஆண்டிச்சாமி, வாத்தியார், இன்னும் நாலு பேர், “அந்த மீன்காரனா? இல்லயே, அவனுக்கு மீசை உண்டே” என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவன் முகம் சிவந்தது.

“மச்சான், எங்கக்கா செத்துக் கெடக்கா. நீங்க சினிமாப் பேசிக்கிருக்கீக.”

“அவ கேட்ட கேள்வி மாப்ள. மத்தியானம் சொல்றேன்னுட்டேன்.”

சோணை உள்ளே போய்ச் சேலையைப் போர்த்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

“அந்த மந்திரியா வருவானே, அவனா?”

“மந்திரி அம்பத்தெட்டுலயே செத்துட்டான். இவளே ஒரு நா பூரா அழுதா.”

உள்ளே ஒப்பாரி நின்றது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயின் தலை நிலைக்கு வெளியே வந்தது. “ராசாவுக்கு வெத்தலை மடிச்சுக் குடுக்குமே, அந்தக் கெழவி?”

“ஆம்பளைன்னு சொன்னா தாயி.”

“அப்ப எனக்குத் தெரியல” என்று செல்லத்தாய் தலையை இழுத்துக்கொண்டாள். ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பொழுது சாய்வதற்குள் தூக்கிவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். நல்லகாமன் இன்னும் ஒருத்தர் வரணும் என்றார். யார் என்று கேட்டதற்குத் தெருமுனையைப் பார்த்தார். தூக்கினார்கள்.

தத்தனேரிச் சுடுகாட்டில் வெட்டியான் பேச்சிமுத்து எருவை அடுக்கி முடித்திருந்தான். பிள்ளை இல்லாததால் நல்லகாமனே பானையைச் சுமந்து மூன்று சுற்று வந்து உடைத்தார். பேச்சிமுத்து கொள்ளியை எடுத்து நீட்டினான்.

“ஏய், இடது கையாலயா குடுக்குற?” என்றான் சோணை.

“எனக்கு இதுதாண்ணே வாட்டம். வலது கைல தூக்குனா கீழ போட்டுருவேன்.”

கொள்ளியை வாங்கிக்கொண்ட நல்லகாமன் அந்த வெறும் கையையே பார்த்தார்.

அரண்மனை வாசலில் பன்னிரண்டு ஈட்டிக்காரர்கள். பதினோரு ஈட்டி வலது கையில், ஒன்று மட்டும் இடது கையில். அப்புறம் அந்தத் தபாலாபீஸ். கதாநாயகனின் தோளுக்குப் பின்னால், வசனமே இல்லாமல், தபாலில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவன். டம், டம். இடது கை. அந்த இடத்தில் ஒச்சாயி முழங்கையால் விலாவில் இடித்தாள். குறட்டைக்குத்தான் இடிக்கிறாள் என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“முதுகக் காட்டி நின்னு பின்கையா வைங்கண்ணே” என்றான் பேச்சிமுத்து. “வச்சதும் திரும்பிப் பாக்காமப் போயிரணும்.”

வைத்தார். முதுகில் சூடு ஏறியது. சோணை கையைப் பிடித்து நடத்தினான். எட்டு பத்து அடி போனதும் நல்லகாமன் நின்றுவிட்டார்.

“ஈட்டிக்காரன்” என்றார்.

“என்ன மச்சான்?”

“கடைசில நிக்கிற ஈட்டிக்காரன்! அவன்தான் தபாலாபீஸுல முத்திரை குத்துறான்!” பஸ்ஸின் பின்படியிலிருந்து முன்படிக்குக் கேட்க வேண்டும் என்பது போன்ற குரல். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

“சரி மச்சான். வாங்க, போவம்.”

“இரு மாப்ள.”

எதிரே இருந்த வாசலைப் பார்த்தபடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பின்பக்கம் காதைக் கொடுத்து, அவர் நின்றுகொண்டே இருந்தார்.