சாம்பல் பூதத்தின் இடது கன்னம்

‘சாம்பல் பூதம்’ கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம். முகத்தில் கரியும் மாவும் அப்பிய ஒரு பூதம் ஊரைப் பயமுறுத்தி, கடைசியில் கிணற்றில் விழுந்து செத்துப்போகும். அதைப் புதிதாக எடுக்கச் சென்னைக் கம்பெனி ஒன்று உரிமை வாங்கியது. படம் ஓடிவிட்டால் பழைய பேய்ப் படங்களையெல்லாம் தூசி தட்டி, ஒன்றில் வருகிறவன் அடுத்ததிலும் வருகிற மாதிரி ஒரே உலகமாகக் கோத்துவிடலாம் என்பது அவர்கள் திட்டம். திரைக்கதை எழுத ஜெயபாண்டியை அழைத்தார்கள். மதுரைப் பக்கம் எழுமலைக்காரன். அதுவரை எந்தப் படத்திலும் அவன் பெயர் தனியாக வந்ததில்லை.

பூதத்தின் முகம்தான் அமையவே இல்லை. மேக்கப்காரர் போட்டுக் காட்டியதெல்லாம் ரப்பராகத் தெரிந்தது. “நிஜத் தோல் வெந்து ஆறினா எப்படி இருக்கும்னு யாராவது காட்டுங்க சார்” என்றார். ஜெயபாண்டி தன் செல்போனிலிருந்து சில படங்களை அனுப்பினான்.

அவை அவனுடைய அக்கா புருஷன் தமிழ்மாறனின் படங்கள். திருமங்கலத்தில் கணக்கு வாத்தியார். தோட்டத்து மோட்டார் ரூமில் ஃபியூஸ் போடும்போது தீ அடித்து இடது கன்னமும் காதும் வெந்துபோயின. மதுரை ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவன் ஜெயபாண்டி. டாக்டருக்கு அனுப்புவதற்காகக் காயத்தைப் படம் எடுத்ததும் அவன்தான். அவ்வளவு வலியிலும் தமிழ்மாறன் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

போஸ்டர் வெளியான அன்றுதான் ஜெயபாண்டி அந்த முகத்தை முழுசாகப் பார்த்தான். மாதிரிக்கு என்றுதான் கொடுத்திருந்தான். கன்னத்துச் சுருக்கம், மடங்கிய காது, இழுபட்ட உதட்டோரம் எல்லாம் அப்படியே இருந்தன.

தயாரிப்பாளரிடம் ஓடினான். “முகத்த மட்டும் மாத்திரலாம் சார்.”

“மாத்துறதா? இந்த மூஞ்சிய வச்சுத்தான் அஞ்சு படம் பேசியிருக்கோம். முகமூடி கடைக்கே போயாச்சு. ஏன், என்ன பிரச்சனை?”

“ஒண்ணுமில்ல சார்” என்று வந்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் போனான். அக்கா கனகலட்சுமி கறி எடுத்துச் சமைத்திருந்தாள். தம்பி பெயர் போஸ்டரில் வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். கன்னத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. தமிழ்மாறன்தான் பேச்செடுத்தார்.

“பயலுக போர்டுல அந்தப் பூதத்த வரைஞ்சு, கீழ என் பேர எழுதி வச்சிருந்தாய்ங்க மாப்ள. அழிச்சிட்டுப் பாடத்த நடத்துனேன். தீக்காயம்னா எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான இருக்கும். அதுக்கு நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? சாப்பிடு.”

அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“ஒரே மாதிரி இல்ல மச்சான். அது உங்க மூஞ்சிதான். ஆஸ்பத்திரில எடுத்த போட்டோவ நான்தான் குடுத்தேன்.”

கனகலட்சுமி கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள். தமிழ்மாறன் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தார்.

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனோ என்னமோ” என்றார். பிறகு, “அது கடைசில செத்துரும்ல? பழைய படத்துல சாகும்.”

“இல்ல மச்சான். அடுத்த படத்துக்கு வேணும்னு உசுரோட விட்டிருக்கோம்.”

அவர் எழுந்து கை கழுவப் போனார். குழாய்ச் சத்தம் நின்ற பிறகும் திரும்பி வரவில்லை.

மறுநாள் ஜெயபாண்டி தயாரிப்பாளரிடம் உள்ளதைச் சொன்னான். “அவர்கிட்ட சம்மதம்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார் அவர். அந்தக் கையெழுத்தை வாங்கப் போகாமல் ஜெயபாண்டி வேலையை விட்டான். அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் போட்டார்கள். ‘சாம்பல் பூதம்’ மதுரையிலும் நன்றாகத்தான் ஓடியது.

வேலையை விட்டதைச் சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும் என்று மறுபடி திருமங்கலம் போனான். தமிழ்மாறன் வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். குரலில் கோபமே இல்லை.

“நீ விட்டு எனக்கு என்ன ஆகப் போகுது மாப்ள? இருந்திருந்தா அடுத்த படத்துலயாவது அந்தப் பூதம் ஒரு நல்ல காரியம் செய்யுற மாதிரி எழுதியிருப்ப. இப்ப யாரோ எழுதுவாய்ங்க.”

அதற்குள் டியூஷன் பிள்ளைகள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தமிழ்மாறன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். பெருக்கல் கணக்கு நடத்தும் அவர் குரல் கேட்கக் கேட்க, எழுந்து போகவும் மனம் வராமல் ஜெயபாண்டி அங்கேயே உட்கார்ந்திருந்தான்.