கூட்டம் இல்லாத நாள்

“எப்பவும் இப்படித்தானா?”

நாடாளுமன்றக் குழுவின் தலைவி என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன். அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் கேட்டிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணைக் கண்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதான். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே படிப்பைப் பாதியில் விட்டவள் நான். பேசத் தேவையில்லாத வேலை என்று சித்திதான் என்னைப் பென்ஷன் ஆபீஸில் டோக்கன் கொடுக்கச் சேர்த்துவிட்டாள். வருகிறவர்கள் கையை நீட்டுவார்கள். நான் டோக்கனை வைப்பேன்.

சித்தி அங்கே மூன்றாம் கவுண்டரில் தற்காலிக ஊழியர். முதியவர்களுக்கும், கணவனை இழந்தவர்களுக்கும், வேலையில் அடிபட்டவர்களுக்கும் அரசாங்கம் மாதாமாதம் தரும் பணம் நின்றுபோனால் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். அந்தப் பணமும் சரி, எங்கள் சம்பளமும் சரி, வருஷத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் கையைத் தூக்கிச் சம்மதித்தால்தான் வரும். இந்த வருஷம் அங்கே யாரோ கேட்டுவிட்டார்கள்: எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறதே, தற்காலிக ஆட்கள் எதற்கு? நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு குழு கிளம்பியது. ஆட்கள் தேவையில்லை என்று அந்தக் குழு எழுதிவிட்டால் வருஷக் கடைசியோடு சித்திக்கு வேலை இல்லை. வீட்டில் சம்பளம் என்று சொல்லும்படி வருவது அவளுடையதுதான். எனக்குக் கிடைப்பது பஸ்ஸுக்கும் சோப்புக்கும் சரியாகப் போய்விடும்.

“வந்து பார்க்கட்டுமே,” என்றாள் சித்தி. “வாசல் வரைக்கும் நிக்கிற ஜனத்தைப் பார்த்தா அவங்களுக்கே புரியும். நாம ஒண்ணும் சொல்லவே வேண்டாம்.”

ஆனால் எங்கள் மேலாளர் வேறு மாதிரி நினைத்தார். சட்டையில் ஒரு சுருக்கம் பொறுக்கமாட்டார், அதனால் ஆபீஸில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். குழு வருகிறது என்றதும் சம்பந்தி வீட்டார் வருவதைப் போலப் பறந்தார். சுவருக்குப் பெயின்ட் அடித்தார், ஜன்னலுக்குத் திரை போட்டார். முந்தின நாள் மாலை ஹால் நடுவில் வந்து நின்று, காத்திருந்த ஜனத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

“நாளைக்கு யாரும் வர வேண்டாம். நாளன்னிக்கு வாங்க.”

ஒன்றாம் கவுண்டரில் இருப்பவரை எல்லோரும் பெரியண்ணன் என்போம். “நாளைக்குக் கூட்டம் இருக்கறதால, கூட்டம் இருக்காது,” என்று முணுமுணுத்தார். சித்தி சிரிக்கவில்லை.

“சார், இந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தானே அவங்க வர்றதே?”

“நீங்க சும்மா இருங்கம்மா. தள்ளுமுள்ளையும் அழுகையையும் பார்த்தா என்ன நினைப்பாங்க? ஆபீஸ் நடத்தத் தெரியாதவன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

தற்காலிகத்தின் வாய் ஓரளவுக்குத்தான் நீளும். சித்தி கவுண்டர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் குழு வந்தபோது ஹால் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. தலைவி குள்ளமான அம்மாள், காலில் தேய்ந்த பழுப்புச் செருப்பு. பின்னால் குறிப்பெடுக்கும் உதவியாளர். கூட வந்த உறுப்பினர் ஒருவர் சுற்றிப் பார்த்தார்.

“ஈ காக்கா இல்லியே. இதுக்கு எட்டு கவுண்டர் எதுக்கு?”

பாராட்டுகிறார் என்று நினைத்து இஸ்திரி சிரித்தார். “எல்லாம் ஒழுங்கு பண்ணி வச்சிருக்கோம் சார்.”

அப்போதுதான் தலைவி என் மேஜைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தலையை ஆட்டியதும் உதவியாளர் பக்கம் திரும்பினார்.

“எழுதிக்குங்க. வழக்கமாவே இவ்வளவுதான்னு ஊழியரே சொல்றாங்க.”

எனக்குக் காது சுட்டது. நிமிர்ந்து மூன்றாம் கவுண்டரைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சித்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குழு கதவை நோக்கி நடந்தது. யாரையும் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. வேகமாக எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

“நீங்க என்னையக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்,” என்றேன்.

“உன்னைத்தானேம்மா கேட்டேன்?”

“இல்ல, என்னைப் பத்தி. நான் எப்பவும் இப்படித்தானான்னு.”

முதலில் சிரித்தது பெரியண்ணன்தான். “அதுல பொய் இல்லீங்க. இது பேசி இன்னிக்குத்தான் நாங்களே கேக்கறோம்.”

தலைவியும் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்பே கேட்டார்: “சரி, ஆபீஸ் எப்பவும் இப்படித்தானா?”

இஸ்திரி என்னையே பார்த்தார். காலர் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்றால் அவருடைய கோபம் சித்தி தலையில்தான் விடியும் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றால் வருஷக் கடைசியில் விடியும்.

“இல்ல,” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

சித்தி எழுந்தாள். “நீங்க வர்றீங்கன்னு இன்னிக்கு யாரையும் வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டோம்மா.”

அனுப்பிட்டோம் என்றுதான் சொன்னாள். அனுப்பிட்டார் என்று சொல்லவில்லை. அதை இஸ்திரியும் கவனித்தார்.

எட்டு கவுண்டர் எதற்கு என்று கேட்டவர் உதட்டைப் பிதுக்கினார். “வேலை போயிடும்னா யாரும் இப்படித்தான் சொல்லுவாங்க.”

தலைவி காலி நாற்காலிகளைப் பார்த்தார். “நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். பார்த்தது காலி ஹால்.”

வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

அன்று மாலை நானும் சித்தியும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கும் இடம் நெருங்கியபோது என் தோளில் கை வைத்தாள். “வாயைத் தொறந்தியே, அதுவே பெரிசு.” பிறகு பெருமூச்சு விட்டாள். “தொறந்ததுதான் தொறந்த, கொஞ்சம் முன்னாடியே தொறந்திருக்கக் கூடாதா?”

அடுத்த நாள் இரண்டு நாள் ஜனமும் சேர்ந்து வந்தது. புதுப் பெயின்டில் முதுகைச் சாய்த்து வரிசை சுவரோரமாகப் படிக்கட்டு வரை நீண்டது. இஸ்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் நீட்டிய கைகளில் டோக்கனை வைத்துக்கொண்டே இருந்தேன். குனிந்த தலைக்கு எதிரே பழுப்புச் செருப்பு ஒன்று வந்து நின்றது. நிமிர்ந்தேன்.

தலைவி. காரும் இல்லை, உதவியாளரும் இல்லை. நான் எழப் போனதும் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். டோக்கனை வாங்கிக்கொண்டு தூணை ஒட்டி நின்றார்.

“ஏம்மா, வரிசை அங்கேருந்து வருது. பின்னாடி போ,” என்று ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் அதட்டினார்.

தலைவி வரிசையின் கடைசிக்குப் போனார். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் விசாரித்தாள். “உங்களுக்கு எது நின்னு போச்சு?”

“எனக்கு ஒண்ணும் நிக்கல. ஒரு விஷயம் தெரிஞ்சுக்க வந்தேன்.”

“அதுக்கா இத்தனை கூட்டத்துல வந்தீங்க? எனக்குப் பணம் வந்து நாலு மாசமாச்சு. போன் பண்ணினா பாட்டுத்தான் பாடுது.”

மதியம் ஆயிற்று. ஒரு பெரியவருக்கு மயக்கம் வந்து விசிறிவிட்டார்கள். தலைவிக்கு உட்கார இடம் கிடைத்தது, சற்று நேரத்தில் இன்னொருவருக்காக எழுந்துவிட்டார். சித்தி தலையைத் தூக்கவே இல்லை. யார் வந்திருப்பது என்று போய்ச் சொல்ல நினைத்தேன், நீட்டிய கைகள் விடவில்லை.

மாலையில் சித்தி எழுந்து குரல் கொடுத்தாள். “மிச்சம் இருக்கறவங்க நாளைக்கு வாங்க. கோவிச்சுக்காதீங்க, கை ரெண்டுதான் இருக்கு.”

ஹாலில் பாதிக்கு மேல் மிச்சம்தான். ஒருவரையொருவர் பார்த்து அலுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றிருந்தவரை அப்போதுதான் சித்தி பார்த்தாள். கவுண்டர் கதவை இழுத்த கை அப்படியே நின்றது. ஜனம் போய்விட்டதா என்று எட்டிப் பார்க்க வந்த இஸ்திரியும் அறை வாசலில் நின்றுவிட்டார்.

தலைவி முதல் கவுண்டரிலிருந்து கடைசிக் கவுண்டர் வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு திரும்பி, ஊன்றுகோல்காரர் படி இறங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அவருக்குப் பின்னால், கூப்பிடப்படாத டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார்.