சமத்துப் பிள்ளை

கடைக்காரனுக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த பெண் அது. ஊரில் எல்லாரும் குட்டி என்றே கூப்பிட்டார்கள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிதான் அவள் இடம். அங்கே உட்கார்ந்தபடி விரலை நீட்டினால் போதும், சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் ஒன்று அறுந்து அவள் மடியில் விழும். காலையில் டீயில் தோய்த்த பிஸ்கட், நடுப்பகலில் சிப்ஸ், சாயங்காலம் மசாலாத் தூள் கொட்டிய நூடுல்ஸ். இடையில் அம்மா பிசைந்து ஊட்டும் வெறுஞ்சோறு இரண்டு வாய். புதுச் சரக்கு எது இறங்கினாலும் முதல் பாக்கெட்டைப் பிரிப்பது குட்டிதான்.

"இல்லைங்கிற வார்த்தையே என் பிள்ளைக்குத் தெரியாது," என்று கடைக்காரன் சாமான் வாங்க வருகிறவர்களிடம் பெருமையடிப்பான். "கடையே அவளோடதுதான். நான் சும்மா சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கேன்."

அவன் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவன் சிறுவனாக இருந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்த நாட்களைவிட எரியாத நாட்கள் அதிகம். வரப்போரத்தில் கிள்ளிவந்த கீரையை உப்புப் போட்டு அவித்து அவனுக்கும் தம்பிக்கும் அம்மா கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் இருவரையும் 'பெரிய ஆடு', 'சின்ன ஆடு' என்று கூப்பிட்டார்கள். கடை வைத்துத் தலையெடுத்த பிறகு அவன் வீட்டு வாசற்படியைக் கீரை தாண்டியதில்லை. கொல்லையில் தானாக முளைத்த பப்பாளி மரம் ஒன்று காய்த்துத் தள்ளியது. பழுத்து விழுவதை அணில் தின்றது போக மீதியை அவன் மனைவி கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள்.

ஊரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. எங்கே பார்த்தாலும் தோட்டம். பூசணி, அவரை, முள்ளங்கி, வகைவகையாகக் கீரை. விடிந்ததும் லாரி வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். அந்த லாரி போன தூசி அடங்குவதற்குள் பிள்ளைகள் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

கடைக்காரனின் தம்பி வெளியூரில் வேலை பார்த்தான். அவன் மனைவி அடுத்த வீட்டில் இருந்துகொண்டு ஊர் சுகாதார நிலையத்தில் வேலைக்குப் போய்வந்தாள். வாரம் ஒருநாள் தாய்மார்களைக் கூட்டி உட்காரவைத்து, அவரவர் தோட்டத்தில் விளைவதை அவரவர் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுவது அவள் வேலைகளில் ஒன்று. சும்மா பேசினால் யாரும் வருவதில்லை என்று ஒரு அடுப்பையும் வாணலியையும் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே சமைத்துக் காட்டினாள். கடைக்காரன் அவளுக்குக் கீரைக்காரி என்று பட்டப்பெயர் வைத்தான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"மாமா, உங்க கொல்லையில விழற பப்பாளியை நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோ. ஊரையே ஆடாக்காம நீ விடமாட்டே போலிருக்கு."

"ஆடு எவ்வளவோ தேவலை மாமா. நம்ம ஊர்ல நல்லது லாரிக்கு, சொத்தை மாட்டுக்கு, பாக்கெட்டு பிள்ளைக்கு."

"அந்தப் பாக்கெட்டை வித்துத்தான் உன் புருஷனைப் படிக்க வச்சேன்."

அவள் சிரித்துவிட்டுப் பழங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு போவாள். இருவருக்கும் பகை எதுவும் இல்லை. குட்டிக்குச் சித்தி என்றால் உயிர்.

குட்டி நான்கு வயதை நெருங்கும்போது அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பகலெல்லாம் கடைக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிபவள், பொழுது சாயும் நேரத்தில் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் வரமாட்டாள். யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் இருட்டின பிறகும் தெருவுல கூத்தடிக்குதுங்க. எங்க குட்டி விளக்கு வச்சா சமத்தா உட்கார்ந்துடும்," என்று அம்மாக்காரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சித்தியிடமும் சொன்னாள். கேட்டதும் அவள் முகம் மாறியது. அன்று சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன் வந்து, குட்டிக்குப் பிடித்த சிவப்புப் பந்தை அவள் காலடியிலேயே வைத்து எடுக்கச் சொன்னாள். குட்டி குனிந்து தரையைத் தடவினாள். கை பந்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போனது. பந்தின் மேல் படவே இல்லை. விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே தடவினாள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் சித்தி அவள் கண்ணைப் பார்த்தாள். வெள்ளைவிழியில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியது போல ஒரு சின்னத் திட்டு. நேராகக் கடைக்கு வந்தாள். ஆட்கள் இருந்தார்கள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, குட்டிக்குப் பொழுது சாய்ஞ்சா கண்ணு தெரியலை. சத்துக் குறைவு. இப்பவே நிலையத்துக்குக் கூட்டிட்டு வாங்க, மருந்து கொடுத்துடலாம். அப்புறம் கீரை, பப்பாளி, பூசணி, முட்டை, ஏதாவது தினமும் வயித்துக்குள்ள போகணும்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாருக்குச் சத்துக் குறைவு? என் பிள்ளைக்கா? கன்னத்தைப் பாரு, பன்னு மாதிரி இருக்கு. சோத்துக்கில்லாத வீட்டுப் பிள்ளைங்களோட அவளை வரிசையில நிக்க வைக்கணுமா? கடைக்காரன் பிள்ளைக்கே சோறு பத்தலைன்னு ஊர் பேசணும், அதானே?"

"வயிறு நிறையறது வேற மாமா, சத்து வேற. இதைத் தள்ளிப்போடக் கூடாது."

"பெத்து வளர்க்கிறவளுக்குத் தெரியாதது உனக்கு என்னம்மா தெரியும்?"

அவளுக்குக் குழந்தை இல்லை. சொல்லி முடித்ததுமே சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது. அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

ஆனாலும் அன்று மத்தியானம் அவன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து, மருந்துப் புட்டியோடு அவள் கொல்லைப்பக்கமாக வந்தாள். "அக்கா, ரெண்டு வாய்தான். நான் கொடுத்தேன்னு யாருக்கும் தெரிய வேணாம்."

அம்மாக்காரி கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். "அவர் வேணாம்னுட்டார். பின்னாடி தெரிஞ்சா வீட்டுல நிம்மதியா இருக்க முடியாது. நீயும் கொஞ்ச நாளைக்கு வராம இரேன்." கதவைச் சாத்திவிட்டாள். பிறகு ஒருமுறை பப்பாளியைக் கீறிக் குட்டி வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பும் காரமும் பழகிய நாக்கு அதைத் துப்பியது. அதோடு விட்டுவிட்டாள்.

மழை முடிந்த சமயத்தில் ஊருக்குள் தட்டம்மை நுழைந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை படுத்தது. குட்டியும் படுத்தாள். உடம்பு கொதித்தது. எது ஊட்டினாலும் வயிற்றில் நிற்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வெளிச்சம் பட்டாலே அலறினாள். அம்மை போட்டால் கண் கூசத்தான் செய்யும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். சன்னலைத் துணியால் மறைத்துவிட்டு அம்மாவும் அப்பாவும் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மற்ற வீடுகளில் பிள்ளைகள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள். குட்டிக்கும் காய்ச்சல் விட்டது. ஈரத்துணியால் இமைகளைத் துடைத்துப் பிரித்துப் பார்த்த அம்மாக்காரி போட்ட கூச்சல் கடைவரைக்கும் கேட்டது. வலது கண்ணில் கருவிழியைக் காணோம். அந்த இடம் பால் திரிந்தது போலக் கலங்கிக் குழைந்து கிடந்தது.

கூச்சல் கேட்டு முதலில் ஓடிவந்தது கீரைக்காரிதான். காய்கறி ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரியை அவள் நடுரோட்டில் நின்று மறித்தாள். பூசணிக் குவியலுக்கு மேல் சாக்கை விரித்து அவளும் கடைக்காரனும் உட்கார்ந்தார்கள். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அம்மா முன்னால் ஏறினாள்.

நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்ன விளக்கை அடித்து இரண்டு கண்களையும் பார்த்தார். உடனே மருந்து கொடுக்கச் சொன்னார். பிறகு அவர்களை உட்காரச் சொன்னார்.

"வலது கண்ணு போயிடுச்சு. இடதுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்கிறோம்."

"அம்மையாலதானே டாக்டர்?" என்றான் கடைக்காரன்.

"அம்மை கடைசியா வந்து தள்ளிவிட்டது. பிள்ளை அதுக்கு முன்னாடியே விளிம்புல நின்னுட்டிருந்தது. வீட்டுல என்ன சாப்பிடுவா?"

அவன் சொன்னான். கடையில் பெருமையாகச் சொல்கிற அதே வரிசையில்தான் வந்தது. பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"கீரை, முட்டை, பழம் எதுவுமே கிடையாதா? பூசணி?"

"அதெல்லாம் எங்க ஊர்லயே விளையுது டாக்டர்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

குட்டியின் இரண்டு கண்களையும் மூடிக் கட்டுப்போட்டிருந்தார்கள். கட்டிலோரம் குனிந்தபோது கடைக்காரனின் சட்டைப் பையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் சரசரத்தது. கிளம்புகிற அவசரத்தில், வழியில் அழுவாளே என்று எடுத்துப் போட்டுக்கொண்டது. சத்தம் வந்த பக்கம் குட்டி கையை நீட்டினாள். கொடுக்கவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் வராமல் அவன் நின்றான். மனைவி எழுந்து வந்து பையில் கைவிட்டு அதை எடுத்தாள். வெளியே போய் எறிந்துவிட்டு வந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இடது கண் பிழைத்தது. கருவிழியின் ஓரத்தில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. எதிரே வருவது ஆளா தூணா என்று பிரித்தறியும் அளவுக்குப் பார்வை இருந்தது. இன்னும் கொஞ்சம் தேறலாம் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பிய அன்றே ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது. அம்மை வந்து கண்ணைக் கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கீரைக்காரி வாய் வைத்ததால்தான் இப்படியாயிற்று என்றும் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். கடைக்காரன் அதை மறுக்கவில்லை. கேட்டவர்களிடம், "அம்மைதான், வேற என்ன?" என்றான். அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் அவனால் கல்லாவில் உட்கார முடிந்தது.

தாய்மார்கள் கூடும் நாளில் அவன் மனைவி குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கே?"

"நிலையத்துக்கு."

"அங்க போய் என்ன சொல்லப் போறே?"

"நடந்ததை."

"குடும்ப மானத்தைக் கொண்டுபோய் நடுத்தெருவுல வைக்கப் போறியா?"

அவள் நடந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு அவனும் பின்னால் போனான். இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனான். சுகாதார நிலையத்துச் சன்னலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. அவன் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"இருட்டினா இவ ஒரே இடத்துல உட்கார்ந்துடுவா. நான் சமத்துன்னு நெனைச்சேன். கண்ணு தெரியாமத்தான் உட்கார்ந்திருக்கா. தெரியலைன்னு சொல்லத் தெரியலை பிள்ளைக்கு. எல்லாருக்கும் அப்படித்தான் இருட்டும்னு நெனைச்சிருப்பா போல. என் கொல்லையில பப்பாளி விழுந்து அழுகுச்சு. கூட்டிக் குப்பையில போட்டேன். இதோ நிக்கிறாளே, இவ மருந்தைக் கையில கொண்டுவந்தா. நான் கதவைச் சாத்தினேன். அம்மைன்னு யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேணாம். அம்மை உங்க வீட்டுக்கும்தான் வந்துச்சு. உங்க பிள்ளைங்களுக்குக் கண்ணு இருக்கு."

கடைக்காரன் திரும்பி நடந்தான். அன்று அவன் கடையில் எதையும் விற்கவில்லை. சாமான் கேட்டவர்களிடம், அது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் போல விழித்தான்.

அதன்பின் காசைப் பிடித்துக்கொண்டு தனியாக வரும் பிள்ளைகளுக்குப் பாக்கெட் கொடுப்பதை நிறுத்தினான். "வீட்டுல போய்ச் சோறு தின்னு, போ," என்று விரட்டினான். அழுதுகொண்டு போன பிள்ளைகளோடு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். "சொந்தப் பிள்ளைக்கு ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டு இப்ப எங்களுக்குப் புத்தி சொல்றியா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். கொஞ்ச நாளில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன் ஒருவன் பஸ் நிற்கும் இடத்தில் புதுக் கடை போட்டான். முன்னைவிட நீளமான சரங்கள். பிள்ளைகள் அங்கே ஓடினார்கள்.

குட்டிக்குத் தினமும் ஊட்டுவது பெரும் போராட்டமாக இருந்தது. பூசணியைத் துப்புவாள், முட்டையைத் தள்ளிவிடுவாள், பிஸ்கட் கேட்டு அழுவாள். அப்பனும் அம்மாவும் விடாமல் ஊட்டினார்கள். சில நாள் இறங்கும், சில நாள் இறங்காது.

வெயில் காலத்தில் ஒருநாள் கடைக்காரன் குட்டியைக் கண் பார்க்கச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவந்தான். கீரைக்காரி கைக்குழந்தை ஒன்றைத் தராசில் போட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையைத் தாயிடம் கொடுத்து அனுப்பும்வரை பெஞ்சில் காத்திருந்தான்.

"அன்னிக்குக் கடையில நான் சொன்னது தப்பும்மா."

"விடுங்க மாமா."

"விடக் கூடியது இல்லை அது." பிறகு கேட்டான். "அன்னிக்கு இவ அம்மா வந்து பேசினாளே. கேட்டவங்க ஏதாவது மாறினாங்களா?"

அவள் கைகளைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சில வீட்டுல லாரிக்குப் போடறதுக்கு முன்னாடி பிள்ளைக்குன்னு எடுத்து வைக்கிறாங்க. நானே போய்ப் பார்த்தேன். அடுப்புல கீரை கொதிக்குது. மத்தவங்க அன்னிக்கு அழுதாங்க. அதோட சரி."

"கொஞ்சம் பேருதான்னு சொல்லு."

"கொஞ்சம் பேருதான்."

"என் பிள்ளையோட கண்ணு போயி கொஞ்சம் பேருதானா?"

"ஆமா மாமா," என்றாள்.

குட்டி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாய்த்து, இடது கண்ணால் சித்தியின் குரல் வந்த திசையைப் பார்த்தாள். சித்தி அவளைத் தூக்கி மடியில் உட்காரவைத்து, மோவாயை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.