வெறுமையாக விட்ட குன்று

சவப்பெட்டிக்குள் குனிந்து கணவன் மிஜெனின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அட்லினின் தோளை ரோவினா தொட்டாள். கூச்சிங் நகரத்தில் அவரோடு தாவர ஆய்வு வேலை பார்த்த பெண். துக்கத்துக்கு வந்தவள் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. நாளைக்குக் காலையில குவாரி உரிமத்தை நீட்டிக்கிற விசாரணை. நம்ம குன்றுல அழியப்போற செடி ஒண்ணாவது இருக்குன்னு காட்டணும். சாரோட வரைபடத்துல அந்தக் குன்று மட்டும் வெறுமையா கெடக்கு."

வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருந்தார் மனுஷன். முன்பு வேறொரு குன்றில் ஓர் ஆர்க்கிட் செடிக்கு வரைபடத்தில் புள்ளி வைத்து வெளியிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் திருடர்கள் ஒரு வேர் மிச்சமில்லாமல் பெயர்த்துப் போய்விட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? சொந்த ஊர்க் குன்றில், இன்னும் பெயர்கூட வைக்கப்படாத ஆர்க்கிட்டைக் கண்டபோது அவர் புள்ளியே வைக்கவில்லை. வெற்றிடத்தைப் பார்த்த அதிகாரிகள், அங்கே ஒன்றுமில்லை என்று உரிமத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் வாயைத் திறந்தாரா? "வெடி வைக்கிறவன் ஒரு பக்கத்தைத்தான் எடுப்பான். திருடன் மொத்தத்தையும் எடுப்பான்" என்றார். நேற்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும், யாரிடமும் சொல்லாதே என்று அவள் கையைப் பிடித்தார். அந்தப் பிடிவாதத்தை நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"உங்களை அங்க கூட்டிட்டுப் போயிருக்காராமே அக்கா?"

அட்லின் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள்.

"கிழக்குச் சரிவு. ரெட்டை அத்திமரத்துக்கு மேல, குகை வாய் பக்கத்துல."

ரோவினா திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

கோப்பித் தட்டோடு வந்த நோஜெப் அப்படியே நின்றுவிட்டான். மிஜெனின் தம்பி, குவாரியில் லாரி ஓட்டுகிறவன்.

"அண்ணி... அந்தப் பக்கம் போன வாரமே வெடி வச்சிட்டாங்க."

சத்தம் தினமும் கேட்டதுதான். எந்தப் பக்கம் என்று படுக்கையருகே கிடந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏன்டா சொல்லல?"

"அண்ணன் இருந்த நெலமையில எப்படி அண்ணி சொல்றது? அத்திமரத்தக்கூட என் லாரியிலதான் ஏத்துனாங்க."

மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

"புள்ளிய அழிச்சிடவா அக்கா?" என்று ரோவினா மெல்லக் கேட்டாள்.

"கொஞ்சம் பொறு" என்றாள் அட்லின். "மூடியப் போட்டுடட்டும்."